பொதுவில் உள்ளதெல்லாம் பொதுச்சொத்தா?

2018 ஆகஸ்ட் பெருவெள்ளம், தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட கேரள மாவட்டங்களை உலுக்கியது. சிக்கிக்கொண்டோர் பலர் தம் இருப்பிடத்தையும் கைபேசி எண்ணையும் சமூக ஊடகங்களில் பதிவிட்டனர். அவற்றைத் திரட்டித் தன்னார்வலர்கள் மீட்புப் படையினருக்கு வழிகாட்டினர். உயிர்காக்க அளித்த அத்தகவலை, வெள்ளம் வடிந்தபின் விற்பனைக்கோ வேவுக்கோ பயன்படுத்துவது அறமாகாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. எனினும், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தரவுகளுக்கு 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. ஆகவே, திரட்டுவோர் எந்த நோக்கத்திற்காகத் தரப்பட்டதோ அதனோடு நிற்க வேண்டும்.

பிறந்தநாள், வெளியூர்ப் பயணம் எனும் நம் பதிவுகளை மோசடியாளரும் படிக்கின்றனர். தேவை தீர்ந்தவற்றை நீக்கிவிடுவோம். பணம் பறிபோனால் தாமதியாது 1930ஐ அழைப்போம்.