நயினாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோயிலும் நினைவுக்கு வரும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு சங்கீத ரசிகர்களுக்கு அந்த ஊர் என்றால் நயினாப் பிள்ளை. இயற்பெயர் சுப்பிரமணியம். 1889-இல் பிறந்தவர். தாய் காமாட்சி அம்மாளும் அவருடைய சகோதரி தனகோடி அம்மாளும் பேர்பெற்ற பாடகியர்.

வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிரம்ப வித்வான்களை உட்காரவைத்துப் பாடுவார். ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரி என்று அதற்குப் பெயர். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற லய மேதைகள் பக்கத்தில் இருக்கும்போது பாடகரின் தாளம் இம்மி பிசகினாலும் சபைக்குத் தெரிந்துவிடும். நயினாப் பிள்ளையோ சிக்கலான தாளத்தில் பல்லவியை எடுத்துக்கொண்டு அத்தனை பேரையும் தன் கைத்தாளத்துக்குள் வைத்திருப்பார். இசையமைப்பாளர் பாக் காலத்து ஐரோப்பாவில் ஹார்ப்சிகார்ட் என்ற விசைக் கருவியை வாசிப்பவரே இருந்த இடத்திலிருந்து முழுக் குழுவையும் நடத்திச் செல்வார். இவரும் அந்த வகை: பாடகரும் அவரே, நடத்துநரும் அவரே.

கணக்கு வித்தையோடு அவர் நின்றுவிடவில்லை. தியாகராஜர் கிருதிகளை ஏராளமாகப் பாடம் செய்துவைத்திருந்தார். அருணகிரிநாதரின் திருப்புகழை அதன் சந்தத் தாளங்களோடு கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். காஞ்சியில் தியாகராஜர் உற்சவமும் நடத்தினார்.

 1934-இல் நயினாப் பிள்ளை காலமானார். வயது சுமார் 45. அவர் இசைத்தட்டு எதுவும் கொடுக்கவில்லை.

அவர் விட்டுச்சென்றது பாடாந்தரம், அதாவது சீடர்வழி தொடரும் பாடல்முறை. அவரிடம் பயின்ற சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954-இலும், டி. பிருந்தா 1976-இலும் சங்கீத கலாநிதி விருது பெற்றார்கள். காஞ்சியில் வளர்ந்த டி.கே. பட்டம்மாள் சிறுவயதில் அவர் கச்சேரிகளைக் கேட்டு ஊறியவர். பெண்கள் பல்லவி பாடுவதா என்று கேட்ட காலத்தில் கடினமான தாளங்களில் பல்லவி பாடி, அது பெண்களுக்கும் உரியது என்று நிலைநாட்டியவர். அவருக்கு 1970-இல் அதே விருது.

2034-இல் நயினாப் பிள்ளை மறைந்து நூறு ஆண்டு நிறைகிறது. அந்த ஆண்டு காஞ்சியில் ஒரு ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரியாவது நடக்க வேண்டும். பல்லவியும் திருப்புகழும் அதில் கட்டாயம் இருக்கட்டும். சபாக்கள் இப்போதே திட்டமிடலாம்.