கட்டில், பீரோ வாங்கும் முன்: கைப்பேசியிலா, கடைவீதியிலா?



நிக்காஹ் தேதி குறித்ததும் வீட்டில் எழும் அடுத்த பேச்சு கட்டில், மெத்தை, பீரோ. முன்பெல்லாம் பெரியவர்கள் இருவர் கடைவீதிக்குப் போய், மரத்தைத் தட்டிப் பார்த்து, விலை பேசிவிட்டு வருவார்கள். இன்று பிள்ளைகள் கைப்பேசியில் படத்தைக் காட்டி, "கடையைவிட நாலாயிரம் குறைவு" என்கிறார்கள். ஆன்லைனில் வாங்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. அந்த நாலாயிரம் உண்மையில் மிச்சம்தானா என்று மூன்று இடங்களில் சரிபார்க்கச் சொல்கிறோம்.

மரம்

'இன்ஜினியர்டு வுட்' என்று போட்டிருந்தால் அது அறுத்த மரம் அல்ல. பெரும்பாலும் மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அல்லது எம்.டி.எஃப். பலகையாக இருக்கும். படத்தில் தேக்குபோலத் தெரியும். ஆனால் தரை கழுவும் தண்ணீர் ஏறினால் அடிப்பாகம் உப்பிவிடும். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் திருகு பிடிக்காது. அடிக்கடி வாடகை வீடு மாறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். தேக்கு என்றால் வைரம் பாய்ந்த கட்டையா, ஓரத்து வெள்ளைப் பகுதியா என்று கேளுங்கள். வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி எளிதில் அரிக்கும். பாலிஷ் போடும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருந்தால் அது தண்ணீர் தாங்கும் வகை.

அளவும் பழுதும்

ஆர்டர் போடும் முன் வாசற்படி, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளந்துகொள்ளுங்கள். பூட்டிக் கொடுக்க ஆள் வருவாரா, பூட்டிய பிறகும் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் என்பதைப் படியுங்கள். உள்ளூர் ஆசாரியிடம் சொன்னால், முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு ஏற்ற உயரத்தில் கட்டில் செய்து தருவார். நான்கு வருடம் கழித்துக் கால் ஆடினாலும் அவரே வந்து சரிசெய்வார். இந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு.

தவணை

நம் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்றதும் வட்டி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 30,000 ரூபாய்ப் பொருளை 6 மாதத் தவணையில், ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். விற்பவர் சுமார் 1,270 ரூபாய் தள்ளுபடி தருகிறார். வங்கி 28,730 ரூபாயைக் கடனாக எழுதி, அந்த 1,270-ஐ வட்டியாக உங்களிடம் வாங்கிக்கொள்கிறது. வட்டிமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 229 ரூபாய் தனி. பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கியும் 2013-இல் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியது.

இதற்கு மாற்று உண்டு. தெரிந்த கடைக்காரரிடம் தவணை கேளுங்கள். ரொக்க விலையைவிடச் சற்றுக் கூடினாலும், பேரம் முடியும்போதே ஒரே விலையாக முடிவாகி, தாமதமானாலும் தொகை ஏறாது என்றால் அது வியாபாரம், வட்டியல்ல என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. தவணைத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளியலாம்.

இரு தரப்புக்கும்

ஊர்க் கடையில் கொடுக்கும் பணம் ஆசாரி, பாலிஷ் போடுபவர், லோடு வண்டி ஓட்டுபவர் என்று நம் தெருக்களுக்கே திரும்புகிறது. தரமும் விலையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உள்ளூர்க் கடைக்கே முன்னுரிமை கொடுங்கள். கடையில் அரை மணி நேரம் அளவும் விவரமும் கேட்டுவிட்டு, வெளியே வந்து ஆன்லைனில் ஆர்டர் போடுவது முறையல்ல. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மீதியை மாதக்கணக்கில் இழுப்பது அதைவிடத் தவறு. அது கூலிக்காரரின் அடுப்பைத் தொடும்.

கடைக்காரச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மறைத்து விற்றவரைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மரத்தின் குறையைப் பாலிஷால் மறைப்பதும் அதே வகைதான். விலையை எழுதி வையுங்கள், பில் கொடுங்கள், சொன்ன தேதியில் சரக்கைக் கொடுங்கள். மக்கள் ஆன்லைனுக்குப் போவதற்கு விலை மட்டும் காரணமல்ல.

ஏமாற்றப்பட்டால்

பில், படம், குறுஞ்செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ஆன்லைன் நிறுவனம் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டு விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. உள்ளூர்க் கடைமீதான புகாருக்கும் உதவி எண், ஆணையம் இரண்டும் பொருந்தும். மனு எழுதத் தெரியாதவர்கள் பில்லுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

புது வாழ்வு தொடங்கும் வீட்டில் கட்டிலைவிடக் கடன் பெரிதாக இருக்க வேண்டாம். வாங்குவோருக்கும் விற்போருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.