உங்களுக்குத் தெரியுமா? தறி வீட்டில் வேறு மொழி!

தாராசுரத்துப் பட்டு நெசவாளர் வீடுகள் பலவற்றில் குழந்தை காதில் முதலில் விழுவது தமிழ் அல்ல. குஜராத்திக்கு உறவான சௌராஷ்டிர மொழி! முன்னோர் மேற்கிந்தியாவை விட்டுக் கிளம்பிப் பல நூறு ஆண்டுகள் ஆகியும் வீட்டுப் பேச்சு அதுதான்.

• வழியில் தெலுங்குச் சொற்கள் ஒட்டிக்கொண்டன. வந்த இடத்தில் தமிழ்ச் சொற்கள்.

• தனி எழுத்தும் உண்டு. 2008-இல் யூனிகோடிலேயே இடம்பிடித்தது. படிப்பும் கணக்கும் என்னவோ பெரும்பாலும் தமிழில்தான்!

• பக்கத்துக் கும்பகோணத்தில் இம்மொழி பேசி வளர்ந்தவர், சரிகை வியாபாரமும் பார்த்த எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம். தமிழில் எழுதிய ‘காதுகள்’ நாவலுக்கு 1993-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றார். சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையை உள்ளிருந்து பார்க்க, அவருடைய ‘வேள்வித் தீ’யைத் தேடிப் படியுங்கள்.