உங்கள் மகள் அங்கே என்ன படிக்கப்போகிறாள்?

டீ ஆறிவிடப்போகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள் அக்கா. பிட்ஸ்பர்க்கில் கணினி உயிரியல் முனைவர் படிப்பு என்றால் ஐந்தாறு வருடம் அப்படி என்னதான் சொல்லித்தருவார்கள் என்று கேட்டீர்கள்.

முதலில் பணக் கவலையை விடுங்கள். அமெரிக்காவில் இந்த மாதிரிப் படிப்புகளில் பெரும்பாலும் பீஸ் கட்ட வேண்டியதில்லை. மாதாமாதம் உதவித்தொகையும் தருவார்கள். கார்னகி மெலன், பிட்ஸ்பர்க் என இரண்டு பல்கலைக்கழகங்களும் 2005 முதல் சேர்ந்து நடத்தும் படிப்பு இது. முதல் வருடம் வகுப்புகளோடு, சில ஆய்வகங்களில் மாறி மாறி வேலை பார்ப்பாள். ரொட்டேஷன் என்பார்கள். அதன் பிறகுதான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பாள். பழகிப் பார்த்து முடிவெடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

புரோகிராம் எழுதுவது கைவந்துவிடும். கணினி சொல்லும் விடையை எப்போது நம்பலாம் என்பது அவ்வளவு சீக்கிரம் வராது. நம் உடலில் புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒவ்வொரு மரபணுவாக ஒப்பிடுகிறோம் என்று வையுங்கள். நூற்றுக்கு ஐந்து தவறலாம் என்ற வழக்கமான வரம்பில், உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் ஏறக்குறைய 1,000 மரபணுக்கள் மாறுபட்டவை போல வந்து நிற்கும். இதற்குப் புள்ளியியலில் திருத்தம் இருக்கிறது, வகுப்பிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் அத்தனை எளிதில் பிடிபடாது. மனித இதயம் சுண்டெலி இதயத்தை ஒத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? மரபணுக்களின் செயல்பாட்டைப் பார்த்தால் அது மற்ற மனித உறுப்புகளோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் யோவ் கிலாடும் ஓர்னா மிஸ்ராஹி-மானும் அந்த ஆய்வின் மூலக் கோப்புகளைத் திறந்தார்கள். அவற்றில் இயந்திரம் படித்த ஒவ்வொரு மரபணுத் துண்டுக்கும் மேலே எந்த இயந்திரம், எந்த ஓட்டம், அதில் எந்தத் தடம் (லேன்) என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக யாரும் படிக்காத வரி. அதைத் தொகுத்துப் பார்த்தபோது, மாதிரிகள் ஐந்து தொகுதிகளாக ஓடியிருந்தது தெரிந்தது. ஒரே ஒரு தொகுதியில்தான் இரண்டு இனங்களும் கலந்திருந்தன.

ஒரு பள்ளியின் விடைத்தாள்களை ஒரு வாத்தியாரும் இன்னொரு பள்ளியின் தாள்களை வேறொரு வாத்தியாரும் திருத்தினால், மதிப்பெண் வித்தியாசம் பிள்ளைகளாலா, வாத்தியார்களாலா? இங்கேயும் அதே குழப்பம்தான். தொகுதியின் பாதிப்பைக் கழித்ததும் இதயம் இதயத்தோடு சேர்ந்தது என்று 2015-இல் இருவரும் எழுதினார்கள். 2014 ஆய்வைச் செய்த குழு அதை ஏற்கவில்லை. என் பார்வையில், இந்த அளவுக்குக் கலந்துபோன பிறகு எந்தக் கணக்கும் முழுசாகப் பிரித்துத்தராது. மாதிரிகளை இயந்திரத்தில் ஏற்றுவதற்கு முன்பே, இரண்டு இனத்தையும் கலந்து ஓட்டுங்கள் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

அதைச் சொல்ல, ஆய்வகத்தில் பைப்பெட் பிடித்துச் சோதனை செய்பவர்களின் வேலை தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன் அக்கா, அவள் பார்க்கும் ரொட்டேஷன்களில் ஒன்றாவது சோதனை நடக்கும் ஆய்வகமாக இருக்கட்டும்.