மருந்துக்கு இரண்டு பேர் உண்டு



தோட்டத்தில் 'பேர்' என்றால் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளமும் இல்லை. பேர் விடயத்தில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வாங்கும் மருந்தின் பேரை மட்டும் பார்ப்பதில்லை. அதனால் ஒரு குடும்பத்துக்கு வந்த கஷ்டத்தை முதலில் சொல்லுகின்றோம்.

2022ஆம் ஆண்டு நடந்த சம்பவம் இது. எங்கள் பகுதித் தோட்டமொன்றில் ஐம்பது வயது தாண்டிய கொழுந்தெடுக்கும் அம்மா ஒருவர். பிரஷர் வருத்தத்துக்காக மாதாமாதம் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போய் வருபவர். ஒருமுறை அங்கே ஒரு மருந்து முடிந்துவிட்டது. "இது இங்க இல்ல, வெளியில எடுங்க" என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். டவுனில் ஒரு பாமசியில் துண்டை நீட்டினார். முப்பது குளிசைக்குச் சொன்ன காசு மூன்று பேருக்கு மேலே. ஒரு பேருக்கு ஆயிரம் ரூபாய் கிடைத்த காலம் அது.

பின்னர் அவர் எங்களிடம் சொன்னது இது: "அவ்வளவு காசு என்கிட்ட இல்லீங்க ஐயா. பத்து குளிசை வாங்கிக்கிட்டேன். முடிஞ்சிறக் கூடாதுன்னு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன்."

மூன்றாவது வாரம் மலையில் கொழுந்தெடுக்கும்போதே விழுந்துவிட்டார். உயிர் தப்பியது. ஆனால் வலது கை இன்றுவரை சரியாக எழும்புவதில்லை. கொழுந்தெடுப்பவருக்கு வலது கை போனால் என்ன மிஞ்சும் என்று நாங்கள் எழுதத் தேவையில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தபின் லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். வெறும் குளிசை அட்டை அலமாரியில் கிடந்தது. பெரிய எழுத்தில் ஒரு கம்பெனிப் பேர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'லோசார்ட்டன்' என்று இருந்தது. அதே லோசார்ட்டன், அதே அளவு, வேறு கம்பெனி செய்தது, அரச ஒசுசலவில் அந்தக் காசில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாகவே விற்றது. கேட்கத் தெரிந்திருந்தால் மாதம் முழுவதற்கும் வாங்கியிருக்கலாம்.

இரண்டு பேர் எப்படி வந்தது?

ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பொதுப்பேர் இருக்கின்றது. அது பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அந்த மருந்தைச் செய்யும் ஒவ்வொரு கம்பெனியும் தன் சரக்குக்கு ஒரு வியாபாரப் பேர் வைக்கின்றது. நமக்குத் தெரிந்த உதாரணம் பனடோல். காய்ச்சலைக் குறைக்கும் மருந்தின் பொதுப்பேர் பரசிட்டமோல். பனடோல் என்பது ஒரு கம்பெனி வைத்த பேர். நாம் எல்லாக் காய்ச்சல் குளிசையையும் பனடோல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இப்படிப் பழகிய பேருக்குத்தான் காசு கூடுகின்றது. விளம்பரச் செலவும், டொக்டர்மாரைப் பார்க்க வரும் கம்பெனிப் பிரதிநிதியின் செலவும் அந்த விலைக்குள்தான் இருக்கின்றன.

இதற்காகப் போராடிய ஒருவர்

இது இன்று நேற்று வந்த பிரச்சினையல்ல. 1971ஆம் ஆண்டில் பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். ஒரே மருந்து பல பேர்களில் நாட்டுக்குள் வருகின்றது, அந்நியச் செலாவணி வீணாகின்றது, ஏழைக்கு மருந்து எட்டாமல் போகின்றது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதலாவது தலைவரானார். சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டது. எங்கே மலிவாகவும் தரமாகவும் கிடைக்கின்றதோ, அங்கே கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கினார்கள்.

பெரிய கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. கூட்டுத்தாபனம் வாங்கிய மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் கப்சூல் செய்து தரும்படி ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் கேட்டபோது அது இழுத்தடித்தது. அரசாங்கம் அந்தக் கம்பெனியைக் கையேற்க யோசித்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் பேசினார். கையேற்பு நடக்கவில்லை. 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்ததும் தனியார் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், கயானா நாட்டில் ஐக்கிய நாடுகள் பணியில் இருந்தபோது பிபிலே காலமானார். அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டதும் அதே 1977இல்தான்.

அவர் கேட்ட சட்டம் வர மேலும் முப்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. டொக்டர் துண்டில் மருந்தின் பொதுப்பேரை எழுத வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கின்றது. கம்பெனிப் பேரைச் சேர்த்து எழுதத் தடையில்லை. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டது. 2022இல் டொலர் இல்லாமல் ரூபாய் விழுந்தபோது அந்த உச்ச விலைகள் உயர்த்தப்பட்டன. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. அந்த அம்மாவின் துண்டில் "வெளியில எடுங்க" என்று வந்ததற்கும் இதுதான் காரணம்.

மலிவென்றால் மட்டமா?

"வெல கொறஞ்ச மருந்து கேக்காதுங்க" என்று பலர் எங்களிடம் சொல்கின்றார்கள். பொதுப்பேரில் வருவதால் மட்டும் மருந்து மட்டமாகிவிடாது. பதிவும் பரிசோதனையும் ஒழுங்காக நடக்கின்றதா என்பதே கேள்வி. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்த விவகாரம் வெளியானது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே அதற்காகக் கைது செய்யப்பட்டார். ஆகவே பயப்படுவதில் நியாயம் இருக்கின்றது. ஆனால் கூடின காசு கொடுப்பது அந்தப் பயத்துக்கு மருந்தல்ல. பதிவுள்ள பாமசியில், பதிவான மருந்தை, பில்லுடன் வாங்குவதே பாதுகாப்பு.

நமக்கு ஏன் கேட்கப் பழக்கமில்லை?

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் தோட்டத்து மருந்தைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக்கியது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மருந்து துரையின் டிஸ்பென்சரியிலிருந்து வந்தது. கொடுத்ததைக் குடித்துவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். பேர் கேட்டால் வாய் நீளம் என்பார்கள். அந்தக் கூச்சம் இன்னும் நம்மை விடவில்லை. இன்றைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். அது தருமமல்ல, நாமும் சேர்ந்து கட்டும் வரியில் வருவது. கேட்பதில் வெட்கமில்லை.

என்ன செய்ய வேண்டும்?

1. துண்டு கொடுக்கும்போதே, "பொதுப்பேரும் எழுதிக் குடுங்க ஐயா" என்று கேளுங்கள். அதைக் கிளினிக் கொப்பியிலும் எழுதி வையுங்கள்.

2. பாமசியில், "இதே மருந்து வெல கொறஞ்சதுல இருக்குங்களா?" என்று கேளுங்கள். பெட்டியில் அச்சிட்ட விலையைப் பாருங்கள். ஒசுசல இருக்கும் டவுனுக்குப் போனால் அங்கேயும் விசாரியுங்கள்.

3. காசு போதவில்லை என்றால் குளிசையைப் பாதியாக்குவதும், நாள் விட்டு நாள் போடுவதும் வேண்டாம். பிரஷர், சீனி வருத்தம் இரண்டுக்கும் இது ஆபத்து. மறுபடி கிளினிக்குக்குப் போய், "என்னால வாங்க முடியல்ல" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டொக்டர் கையிருப்பில் உள்ள வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

4. வலிப்பு, தைரொயிட், இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து போன்றவற்றில், பேர் ஒன்றாக இருந்தாலும் கம்பெனியை மாற்றுமுன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

5. பக்கத்துக் காமரா ஆளின் மருந்தைக் கடன் வாங்கிக் குடிக்காதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும். அந்த ஒரு பேருக்காகக் கிளினிக்கை விட்டவர்களும் நம்மிடையே உண்டு. மருந்து இலவசம்தான், அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை. பல தோட்டத்தார் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போனால் வாகன ஒழுங்கு கேட்கலாம், நிர்வாகத்துடன் வேலை நேரத்தையும் பேசலாம். தலைவர்மாரும் மாதர் சங்கங்களும் இதை முன்னெடுத்தால் நாங்களும் கூட வருவோம்.

அந்த அம்மாவின் பேரப்பிள்ளை இப்போது எட்டாம் வகுப்பு. குளிசை அட்டை வீட்டுக்கு வந்ததும் பொடி எழுத்தை வாசித்துக் கொப்பியில் எழுதுவது அவன் வேலை. உங்கள் வீட்டிலும் படிக்கும் பிள்ளை இருக்கும். இல்லாவிட்டால் துண்டையும் அட்டையையும் எங்களிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம். செக்ரோலில் உங்கள் பேர் விழுந்ததா என்று பார்ப்பதைப் போல, மருந்தின் பேரையும் பார்த்து வாங்குங்கள்.