இரும்பு வளையத்துக்குள் ஒரு வியாபாரப் பட்டணம்

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தின் மத்தியிலுள்ள வியாபாரப் பகுதிக்கு 'லூப்' என்று பெயர். லூப் என்றால் வளையம். வீதிகளில் இரும்புத் தூண்களை நாட்டி, அவற்றின்மேல் தண்டவாளம் போட்டு, மாடி ஜன்னல்களுக்கு நேராக ரயில் ஓடும்படி செய்திருக்கிறார்கள். லேக், வாபாஷ், வான்பியூரன், வெல்ஸ் என்னும் நான்கு வீதிகளின் வழியாகச் சுற்றி வரும் இந்தப் பாதையின் நீளம் இரண்டு மைலுக்கும் குறைவே. 1897-ம் வருஷத்தில் பூர்த்தியான அந்த வளையத்தில் இன்றும் ரயில்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர்களில் தெய்வத்தைச் சுற்றித் தேர் வீதிகள் நான்கு இருப்பதுபோல, சிகாகோவில் செல்வத்தைச் சுற்றி ரயில் வீதிகள் நான்கு இருக்கின்றன எனலாம்.

இத்தனை செல்வமும் சேற்றின்மீது எழும்பியது என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். மிச்சிகன் ஏரிக் கரையில் உள்ள அந்த நிலம் ஆதியில் சதுப்பு நிலம். சாக்கடை நீர் வடிவதற்கு வழியில்லை, நோய்க்கோ குறைவில்லை. ஆகவே 1850-ம் வருஷத்திற்குப் பிறகு, வீதிகளையே சில அடி உயர்த்துவது என்று தீர்மானித்தார்கள். வீதி உயர்ந்தால் வீடுகள் பள்ளத்தில் நிற்குமே! அதற்கும் உபாயம் கண்டார்கள். கட்டடங்களின் அடியில் நூற்றுக்கணக்கான திருகு ஜாக்கிகளை வைத்து, ஆட்கள் ஏககாலத்தில் திருக, கட்டடம் அப்படியே மேலே எழும்பிற்று. 1861-ம் வருஷம் டிரெமாண்ட் ஹோட்டலை உயர்த்தியபோது விருந்தினர்கள் உள்ளேயே தங்கியிருந்தார்களாம்.

இவ்வளவு பாடுபட்டு உயர்த்திய நகரம், 1871-ம் வருஷம் அக்டோபர் 8-ம் தேதி இரவு தீப்பற்றிக்கொண்டது. 10-ம் தேதி தீ அடங்கியபோது பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாயின. சுமார் 300 பேர் மாண்டனர். நகர ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது ஏறக்குறைய ஒரு லக்ஷம் பேர், வீடிழந்து நின்றனர். வியாபாரப் பகுதி முழுவதும் அழிந்துபோயிற்று.

மறுபடியும் கட்டத் தொடங்கியபோது இடத்தின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. கிழக்கே ஏரி, வடக்கிலும் மேற்கிலும் ஆறு, தெற்கே ரயில்வே நிலங்கள். பக்கவாட்டில் பரவ முடியாத ஊர், மேல்நோக்கி வளர வேண்டியதாயிற்று. லிப்ட் வந்துவிட்டபடியால் மாடியேறும் கஷ்டம் தீர்ந்தது. ஆனால் செங்கற் சுவரே பாரம் முழுவதையும் தாங்குவதென்றால், உயரம் ஏற ஏற அடிச்சுவர் பருத்துக்கொண்டே போகும். 1891-ம் வருஷத்தில் எழுந்த மொனாட்நாக் கட்டடம் இதற்குச் சாக்ஷி. பதினாறு மாடிகளைத் தாங்குவதற்காக அதன் அடிச்சுவர் ஆறடி கனத்தில் நிற்பதை இன்றும் காணலாம்.

இந்தச் சிக்கலுக்குப் பரிகாரம் அதற்கு முன்பே அதே வட்டாரத்தில் கிடைத்திருந்தது. வில்லியம் ஜென்னி என்ற சிற்பி 1885-ம் வருஷத்தில் முடித்த பத்து மாடிக் கட்டடத்தில், பாரத்தின் பெரும்பகுதியை இரும்பு, எஃகுச் சட்டங்களின்மேல் ஏற்றினார். கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். கூரையைத் தாங்குபவை கால்கள். பக்கத்துத் தட்டி வெயிலையும் காற்றையும் தடுப்பதோடு சரி. அந்தத் தத்துவமே வானளாவிய கட்டடங்களுக்கு அஸ்திவாரம். பலரும் முதல் வானளாவி என்று போற்றிய ஜென்னியின் கட்டடம் 1931-ம் வருஷத்தில் இடிக்கப்பட்டது.

அதே தத்துவத்தை உச்சத்திற்குக் கொண்டுபோனவர், டாக்காவில் பிறந்த பஸ்லூர் ரஹ்மான் கான் என்ற எஞ்சினீயர். வளையத்துக்குச் சற்று மேற்கே 1973-ம் வருஷத்தில் முடிந்த 110 மாடி சியர்ஸ் கோபுரத்துக்கு அவரே பலம் வகுத்தார். அவ்வளவு உயரத்தில் காற்றுத்தான் பெரிய சத்துரு. ஒற்றை மூங்கில் வளையும்; ஒன்பதைச் சேர்த்துக் கட்டினால் வளையாது. அவ்வாறே ஒன்பது சதுரக் குழல்களை ஒரே கட்டாகச் சேர்த்துக் காற்றை வென்றார். 1998-ம் வருஷம் வரையில் உலகத்தில் அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. 2009-ம் வருஷம் முதல் அதற்கு வில்லிஸ் கோபுரம் என்று பெயர்.

லாசால் வீதியின் தெற்குக் கோடியில் தானியச் சந்தையின் மாளிகை நிற்கிறது. 1848-ம் வருஷத்தில் தோன்றிய சங்கம் அது. அறுவடைக் காலத்தில் தானியமெல்லாம் ஒரேயடியாகச் சிகாகோவில் வந்து குவியும், விலை விழுந்துவிடும். பஞ்சகாலத்தில் அதுவே தலைகீழாக ஏறும். இதைச் சமாளிக்க, இன்ன மாதத்தில், இன்ன தரத்தில், இன்ன விலைக்குத் தருவேன் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் செய்யும் முறையை 1865-ம் வருஷத்தில் ஒழுங்குபடுத்தினார்கள். உழுகிறவனுக்கு அது ஒரு காப்பு. கோதுமையைக் கண்ணால் காணாத மனிதருக்கு அதுவே சூதாட்டமாகவும் ஆயிற்று. மாளிகையின் உச்சியில் தானிய தேவதையான சீரிஸின் சிலை நிற்கிறது. அதற்கு முகம் கிடையாது. அவ்வளவு உயரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சிற்பி விட்டுவிட்டாராம்!

வளையத்தின் கிழக்கே மிச்சிகன் வீதியில் உள்ள சித்திர சாலைக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1893-ம் வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி, சர்வமத மகாசபையில் விவேகானந்த சுவாமிகள் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகச் சென்று பணம் சேர்த்தார்கள்.

2020-ம் வருஷத்துக் கொள்ளை நோய்க்குப் பிறகு இந்த வட்டாரத்துக்குப் புதிய சோதனை வந்தது. காரியாலய வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும், பகலில் நிரம்பி வழிந்த மாடிகள் வெறிச்சோடின. 1,000 வீடுகளுக்குக் குறையாமல் லாசால் வீதியின் பழைய கட்டடங்களில் அமைக்க வேண்டும் என்றும், அவற்றில் நூற்றுக்கு 30 வீடுகளாவது சாமானிய வருமானமுள்ளவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்றும் 2022-ம் வருஷத்தில் நகர அதிகாரிகள் ஒரு திட்டம் அறிவித்தார்கள்.

லூப் உலகத்துக்கு அளித்த கொடை வானளாவிய கட்டடமே என்பர். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது ஒரு கதவு. 1903-ம் வருஷம் நவம்பரில் ராண்டால்ப் வீதியில் இராக்வாய் என்ற புதிய நாடக சாலை திறக்கப்பட்டது. தீயே பிடிக்காத கட்டடம் என்று விளம்பரம் செய்தார்கள். டிசம்பர் 30-ம் தேதி, விடுமுறை நாள் பகற்காட்சியில், பெண்களும் குழந்தைகளும் நிறைந்திருந்தபோது மேடைத் திரை பற்றிக்கொண்டது. வாயில்கள் சில பூட்டப்பட்டிருந்தன. சில திரைக்குப் பின்னால் மறைந்திருந்தன. உட்புறமாகத் திறக்கும் கதவுகளை, முட்டி மோதிய கூட்டமே திறக்கவொட்டாமல் அடைத்துவிட்டது. மாண்டவர் 602 பேர். விளம்பரம் ஒரு விதத்தில் மெய்யே. கட்டடம் பெரும்பாலும் சேதமின்றி நின்றது. மறு வருஷமே வேறு பெயருடன் அதைத் திறந்தார்கள். அந்த மரணங்களுக்காக ஒருவரும் தண்டனை அடையவில்லை.

ஆயினும் சட்டங்கள் விழித்துக்கொண்டன. பொது இடங்களின் கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், தள்ளினாலே திறந்துகொள்ள வேண்டும், வழியை விளக்கிட்டுக் காட்ட வேண்டும் என்ற விதிகள் அந்தத் துயரத்தினால் வலுப்பெற்றுப் பல இடங்களுக்கும் பரவின. இனி நீங்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கோ சினிமாவுக்கோ போகும்போது, இருக்கையில் உட்காருமுன் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். பூட்டியிருந்தால் திறந்து வைக்கும்படி கேட்கவும் கூசாதீர்கள்.