உண்டு, இல்லை, அறியேன்

‘நாத்திகன்’ என்ற சொல்லில் உள்ளது ‘இல்லை’ என்ற மறுப்பு மட்டுமே. எது இல்லை என்பதை அச்சொல் சொல்வதில்லை. வடமொழியில் ‘அஸ்தி’ என்றால் உண்டு, ‘நாஸ்தி’ என்றால் இல்லை. அவற்றிலிருந்து ஆத்திகன், நாத்திகன் என்ற பெயர்கள் அமையும் விதத்தைப் பாணினியின் இலக்கணம் கூற, மறுமை உண்டு என்று கருதுபவனை ஆத்திகன் என்றும் அதை மறுப்பவனை நாத்திகன் என்றும் உரைகாரர்கள் விளக்கினர். மனுஸ்மிருதியோ வேதத்தை இகழ்பவனுக்கு அப்பெயரைச் சூட்டியது. கடவுளை மறுப்பவன் என்ற பொருள் தமிழ் மேடைகளிலும் இதழ்களிலும் வேரூன்றி, முந்தைய இரண்டையும் ஏறத்தாழ மறக்கச் செய்துவிட்டது. ஒரே சொல் மறுமை, வேதம், கடவுள் என எழுவாயை மாற்றிக்கொண்டே வந்திருப்பதால், அதை வைத்து நடக்கும் வாதங்களில் பல, மறுக்கப்படுவது எது என்பது தெளிவாகாமலே முடிந்துவிடுகின்றன.

இதற்கு மீமாம்சையைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது அரிது. வேத வேள்விகளின் விதிகளை ஆராய எழுந்த அந்தத் தத்துவ மரபு, ஆத்திக தரிசனங்கள் ஆறனுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஆயினும் அம்மரபின் பேராசிரியரும் ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டினருமான குமாரிலபட்டர், உலகைப் படைத்த இறைவன் ஒருவன் உண்டென்ற கருத்தைத் தம் சுலோகவார்த்திகத்தில் அடுக்கடுக்கான வினாக்களால் மடக்குகிறார். படைப்புக்கு முன் எவருமே இல்லையென்றால், படைத்ததைக் கண்டு சொன்னவர் யார்? உடலில்லாதவனுக்குப் படைக்கும் விருப்பம் எங்ஙனம் தோன்றும்? உடலுண்டெனில் அவ்வுடலைப் படைத்தவர் யார்? கருணையால் படைத்தான் எனில், உயிர்களே இல்லாத காலத்தில் அக்கருணை யார்மீது சென்றது? பகுத்தறிவுக் கூட்டமொன்றின் கேள்விகளைப் போல ஒலிக்கும் இவற்றை எழுப்பியவர் வேதத்தைக் காக்கப் புறப்பட்ட வைதிகர் என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது. வேதம் எவராலும் இயற்றப்படாதது என்பதே அவர் கொள்கையாதலால், அதை அருளியவனாக ஓர் இறைவன் அவருக்குத் தேவைப்படவில்லை. வினையையும் மறுபிறப்பையும் ஏற்று வாழ்ந்த பௌத்தரும் சமணரும், வேதத்தை ஏற்காத ஒன்றினாலேயே மனுவின் கணக்கில் நாத்திகர் ஆயினர்.

‘இல்லை’ என்பதற்கும் ‘அறியேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதனினும் நுட்பமானது. முன்னது இருப்பைப் பற்றிய கூற்று. பின்னது அறிவின் எல்லையைப் பற்றிய கூற்று. கடவுள் உண்டா இல்லையா என்பதை மனித அறிவால் தீர்மானிக்க இயலாது, அல்லது இதுவரை தீர்மானிக்கப்படவில்லை என்னும் இந்நிலையைச் சிலர் ‘அறியாமைவாதம்’ என்று எழுதுவது பொருந்தாது. அறியாமை ஒரு குறை, இதுவோ ஆராய்ந்தபின் எடுத்த நிலை. ‘அறியொணாக் கொள்கை’ என்பது ஓரளவு நேரான பெயர். ஆங்கிலத்தில் ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல்லை 1869இல் ஆக்கியவர் டார்வினுக்காக வாதாடிய உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி. இலண்டன் தத்துவக் கழகமொன்றில் உடனிருந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கொள்கைப் பெயர் இருக்க, தமக்கு மட்டும் எதுவும் இல்லாமையால், பொறியில் வாலை இழந்து மற்ற நரிகளிடையே நின்ற நரியைப் போலத் தாம் உணர்ந்ததாகவும், ஆகவே ஒரு பெயரைத் தாமே ஆக்கிக்கொண்டதாகவும் அவர் பின்னர் விளக்கினார்.

பெயர் புதிதே தவிர நிலை புதிதன்று. புத்தர் காலத்துச் சஞ்சயன் என்ற ஆசிரியர், மறுமை உண்டா என்று கேட்டால் உண்டு என்றும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல், இரண்டும் அல்ல என்றுகூடச் சொல்லாமல் நழுவியதைத் தீக நிகாயம் பதிவு செய்கிறது. இவ்வாறு நழுவுவோரைப் பௌத்த நூல்கள் விலாங்கு மீனுக்கு ஒப்பிட்டன. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்ற வசையைத் தமிழரும் அறிவர். ஆனால் அறியாததை அறிந்ததாகக் காட்ட மறுப்பவரை அவ்வசை சாராது. புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் அவரிடம் வருமுன் அச்சஞ்சயனிடமே பயின்றவர்கள் என்பது மரபு.

இங்கு அளவை, அதாவது ஒன்றை அறிவதற்குரிய வழி, தலையிடுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரில் பல சமயக்கணக்கரின் கொள்கைகளைக் கேட்டுவரும் மணிமேகலை, இறுதியாகப் பூதவாதியைச் சந்திக்கிறாள். கண்கூடான காட்சியே உண்மை, கருதலளவையாகிய அனுமானம் வேண்டாம் என்கிற அவனிடம், அனுமானம் இன்றி உன் தாய்தந்தையரை நீ எவ்வாறு அறிந்தாய் என்று அவள் கேட்கிறாள். அக்கேள்வி கடவுளை நிறுவிவிடவில்லை. பௌத்தத்தை நோக்கிச் செல்பவளான அவளுக்கு அது நோக்கமும் அன்று. காட்சி ஒன்றை மட்டும் பற்றிநிற்கும் மறுப்பின் கால் எங்கே இடறும் என்பதை அது காட்டிவிடுகிறது. அனுமானத்தையும் ஏற்றுக்கொண்டு மறுத்த குமாரிலருக்கு அந்த இடறல் இல்லை.

இனி நம்பிக்கை. ‘மழை வரும் என்று நம்புகிறான்’ என்பதில் நம்புதல் ஒரு கருத்தை ஏற்பது. ‘முருகனை நம்புகிறான்’ என்பதில் அது ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பது. ‘என்று’ வரும் இடத்திலும் ‘ஐ’ உருபு வரும் இடத்திலும் தமிழில் வினை ஒன்றே. சமய நம்பிக்கை பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சார்ந்தது; பழனிக்குக் காவடி தூக்கிச் செல்பவர் முதலில் இருப்பை நிறுவிவிட்டுப் பின்பு புறப்படுவதில்லை. சான்று இல்லை என்ற வாதம் அவரை அசைக்காததற்கும், அவரது உருக்கம் நாத்திகரை அசைக்காததற்கும் காரணம் பிடிவாதம் மட்டுமன்று. ஒருவர் முதல் வாக்கியத்தைப் பேச, மற்றவர் இரண்டாம் வாக்கியத்தைப் பேசுகிறார்.

‘அறியேன்’ என்பவர் கோயிலுக்குச் செல்வதும் செல்லாதிருப்பதும் இதனாலேயே இயல்கிறது. ‘இல்லை’ என்பவரிடையிலும் ஒரே குரல் இல்லை. இங்கிலாந்தின் சார்லஸ் பிராட்லா, கடவுள் இல்லை என்று தாம் சாதிக்கவில்லை, அச்சொல்லால் என்ன குறிக்கப்படுகிறது என்பதே தமக்கு விளங்கவில்லை என்றார். 1880இல் நார்த்தாம்டன் தொகுதியில் வென்றும், கடவுள் பெயரால் எடுக்கும் ஆணைமொழிச் சிக்கலால் 1886இல்தான் அவரால் நாடாளுமன்றத்தில் நிலையாக அமர முடிந்தது. 1880களில் சென்னையிலிருந்து வெளிவந்த ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழ் அவரைப் போன்றோரின் சிந்தனைகளை இங்கே பரப்பியது. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை, கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதிகூறலாம் என்று இரு வழிகளையும் திறந்துவைத்திருப்பதால், அத்தகைய சிக்கல் இங்கே எழவில்லை.

ஆனால் குடும்பச் சட்டம் வேறு கணக்கில் செல்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோரோடு நில்லாமல், முஸ்லிம், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத பிறரையும் பொதுவாகத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. ஒருவர் எந்தச் சமயத்திலும் நம்பிக்கையற்றவரா என்று அது கேட்பதில்லை. சிறப்புத் திருமணச் சட்டம் என்ற மாற்றுவழி உண்டெனினும், புரோகிதரும் மந்திரமும் இன்றி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றி முடிக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பைத் தருவது, 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதே இந்து திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவுதான்.